கொள்வோர் கைத் துலாக்கோல்

நுழையும்முன்

விற்பதற்குத் திறமை வேண்டும் என்பதை அனைவரும் ஏற்பர். வாங்குவதற்கும் அதே அளவு திறமையும், அதைவிட மிகுந்த நேர்மையும் வேண்டும் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தொழிற்சாலைகளில் இப்பொறுப்பை ஏற்றிருப்பவர் கொள்முதல் மேலாளர். கோயம்புத்தூரில் நீரேற்றுப் பொறிகளைச் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவருடைய ஒரு நாள் எவ்வாறு கழியும் என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பல கைகள் கூடிய பொறி

கிணற்றிலிருந்து வயலுக்கு நீர் இறைக்கும் மோட்டார் பம்பு ஒரே கூரையின்கீழ் உருவாவதில்லை. அதன் கூட்டுக்கான இரும்பு வார்ப்புகள் பவுண்டரி என்று வழங்கும் வார்ப்படச்சாலைகளிலிருந்து வருகின்றன. மோட்டாரின் உள்ளே சுற்றுவதற்குச் செம்புக்கம்பியும், அடுக்குவதற்கு மின்தகட்டு எஃகும் வேண்டும். பேரிங்கு, நீர் கசியாமல் காக்கும் வளையம், திருகாணி, வண்ணப்பூச்சு, அட்டைப்பெட்டி என எஞ்சியவற்றைத் தருவோரும் பலர். இவர்கள் அனைவரையும் ஒரு சரட்டில் கோப்பது கொள்முதல் மேலாளரின் பணி. உரிய பொருளை, உரிய தரத்தில், உரிய அளவில், உரிய காலத்தில், உரிய விலையில் பெறுவதே அவருக்கு இடப்பட்ட கட்டளை.

காலை: இருப்பும் தேவையும்

அலுவலகத்திற்கு வந்ததும் மேலாளர் முதலில் காண்பது கிடங்கின் இருப்புப் பட்டியலை. எப்பொருள் எத்தனை நாளைக்குப் போதும் என்பதை அவர் அதிலிருந்து அறிகிறார். நாள் ஒன்றுக்கு 50 பேரிங்குகள் செலவாகின்றன என்றும், ஆணை கொடுத்தபின் அவை வந்து சேர 12 நாள்கள் ஆகும் என்றும் கொள்வோம். அந்நாள்களுக்கு 600 பேரிங்குகள் தேவை. வண்டி வரத் தாமதமானால் ஈடுகட்ட மேலும் 200 வேண்டும். எனவே, இருப்பு 800 ஆகக் குறையும் அன்றே அடுத்த ஆணை புறப்பட வேண்டும். இதனை மறுஆணை நிலை என்பர்.

இருப்புக் குறைந்தால், சில ரூபாய் பெறும் ஒரு வளையம் இல்லாமல் முழுப் பொறியும் முடங்கிக் கிடக்கும். மிகுதியாக வாங்கிக் குவித்தாலும் தொல்லையே. பணம் முடங்கும், வங்கிக் கடனுக்கு வட்டி ஏறும், இரும்பு துருவேறும். கோடையில் பம்புகளின் விற்பனை கூடும் என்பதால், அதற்குப் பல வாரங்கள் முன்னரே ஆணைகளைத் திட்டமிடுதல் வேண்டும்.

முற்பகல்: விலை வேறு, செலவு வேறு

அடுத்து, வந்துள்ள விலைப்புள்ளிகள் ஒப்பிடப்படுகின்றன. செம்பின் விலை லண்டன் உலோகச் சந்தையின் போக்கை ஒட்டி நாள்தோறும் ஏறி இறங்குவது. ஆகவே, அன்றைய விலையைக் கண்ட பின்னரே மேலாளர் கம்பி வாங்கும் அளவை உறுதி செய்கிறார்.

வார்ப்புகளுக்கு இருவர் விலை தந்துள்ளனர் என்று கொள்வோம். நெடுநாள் பழகியவர் ஒன்றுக்கு 400 ரூபாயும், புதியவர் 380 ரூபாயும் கேட்கின்றனர். ஆயிரம் வார்ப்புகளுக்கு 20,000 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். ஆனால், வார்ப்பின் உள்ளே ஒளிந்திருக்கும் காற்றுத்துளை, அதனைக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றிக் கடைந்த பின்னரே வெளிப்படும். கடைசல் செலவு ஒன்றுக்கு 100 ரூபாய். ஆயிரத்தில் பழையவரிடம் 10 வார்ப்புகளும் புதியவரிடம் 80 வார்ப்புகளும் பழுதாகின்றன என்றும், பழுதானவற்றுக்கு ஈடு கிடைக்கவில்லை என்றும் வைத்துக்கொண்டால், கணக்கு மாறிவிடும். பழையவரிடம் 5,00,000 ரூபாய்க்கு 990 நல்ல வார்ப்புகள். ஒன்றின் அடக்கவிலை ஏறத்தாழ 505 ரூபாய். புதியவரிடம் 4,80,000 ரூபாய்க்கு 920. ஒன்று ஏறத்தாழ 522 ரூபாய். விலைப்புள்ளியில் மலிவாகத் தெரிந்தது, கணக்கில் விலை உயர்ந்ததாகிவிடுகிறது.

இதனால் புதியவரை ஒதுக்கிவிடுவதும் முறையன்று. ஒருவரையே நம்பியிருந்தால், அவர் உலை பழுதான அன்று இங்கும் வேலை நின்றுவிடும். மாதிரிகளைப் பெற்றுச் சோதித்து, சிறிய ஆணை தந்து, தரம் உயர உயர அளவைக் கூட்டுவதே அறிவுடைய வழி.

பிற்பகல்: உலைக்களத்தின் அருகே

காகிதத்தில் காணாதவற்றைக் காண மேலாளர் வார்ப்படச்சாலைக்குச் செல்கிறார். வார்ப்பு மணலின் ஈரம் சோதிக்கப்படுகிறதா, உருகிய இரும்பின் சேர்மானம் பதிவாகிறதா, உலையருகே நிற்போர் கண்ணாடியும் கையுறையும் அணிந்துள்ளனரா என்று நோக்குகிறார். பின்னர் விலைப்பேச்சு தொடங்குகிறது. இரும்பு, மின்சாரம், கூலி, இலாபம் என விலையைப் பகுத்துப் பார்த்துக் குறைக்க இயன்ற இடத்தைத் தேடுவதே முறையான பேரம். மக்கள் வழக்கில் அடிமாட்டு விலை என்பார்களே, அவ்வாறு கேட்பது எளிது. கொடுப்பவர் வேறு வழியின்றி ஒப்புக்கொள்ளவும் கூடும். ஆனால், அடக்கவிலைக்கும் கீழே விற்றவர் அந்த இழப்பை இரும்பின் தரத்திலோ தொழிலாளியின் கூலியிலோதான் ஈடுகட்ட முடியும்.

புறப்படும் வேளையில் உரிமையாளர் தயங்கியபடி ஒன்று கேட்கிறார்: “சரக்கு எடுத்து நாற்பது நாள் ஆயிற்று, ஐயா. வாரக்கூலி கொடுக்க வேண்டும். பணம் எப்போது வரும்?” பெரிய நிறுவனத்திற்குச் சில நாள் தாமதம் பேரேட்டில் ஒரு வரி. சிறிய பட்டறைக்கோ அது பல வீடுகளின் அடுப்பு. மேலாளர் கணக்குத் துறையுடன் பேசி, கெடு முடியுமுன் பணம் சேரும் நாளை உறுதி செய்கிறார். விலையைக் குறைப்பதில் காட்டும் விரைவைப் பணம் தருவதிலும் காட்டுபவருக்கே, தட்டுப்பாட்டுக் காலத்தில் சரக்கு முதலில் வந்து சேரும்.

தெரிந்து தெளிவோம்

குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006இன்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கியவர் ஒப்பந்தத்தில் குறித்த நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்நாள், பொருளை ஏற்றதிலிருந்து 45 நாள்களைத் தாண்டலாகாது. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு வீதத்தில், மாதந்தோறும் கணக்கிடப்படும் கூட்டுவட்டி தருதல் வேண்டும்.

மாலை: சான்றும் சால்பும்

மாலையில் பட்டியல்கள் கையொப்பத்திற்கு வருகின்றன. கொள்முதல் ஆணை, கிடங்கின் வரவுச்சீட்டு, விற்றவர் அனுப்பிய விலைப்பட்டியல் ஆகிய மூன்றும் பொருந்தினால்தான் பணம் வழங்கப்படும். கேட்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர், சரக்கைப் பெறுபவர் ஒருவர், பணம் தருபவர் ஒருவர் எனப் பணியைப் பிரித்து வைத்திருப்பதும் தவறு நேராமல் காப்பதற்கே.

ஆயினும், ஏட்டில் எழுதப்படாத சோதனைகளும் உண்டு. ஒருவர் தந்த விலையை மற்றவருக்குக் கசியவிட்டால் போட்டி பொய்யாகிவிடும். தீபாவளிக்கு இனிப்புப் பெட்டியாகத் தொடங்குவது அடுத்த ஆண்டு வெள்ளி விளக்காக வளரும். வாங்கிய கை, தரமற்ற சரக்கைத் திருப்பியனுப்பக் கூசும். செலவிடுவது பிறர் பணம் என்பதால், கொள்முதல் மேலாளர் தம் சொந்தப் பணத்தினும் கருத்தாக அதனைக் காக்கக் கடமைப்பட்டவர்.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர், கொள்ளும்போது மிகையாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைவாகக் கொடுக்காமலும் வாழ்ந்ததைப் பட்டினப்பாலை போற்றுகிறது. விற்பவருக்கு மட்டுமன்றி வாங்குபவருக்கும் அறம் உண்டு என்னும் அவ்வுணர்வே இன்றைய கொள்முதல் துறைக்கும் அடிப்படை. நல்ல வார்ப்பு, நியாயமான விலை, நாள் தவறாத பணம் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் தொழிற்சாலையும் பட்டறையும் ஒருங்கே வாழும்.

கற்பவை கற்றபின்...

1. நாள் ஒன்றுக்கு 30 பொருள்கள் செலவாகின்றன. ஆணைக்குப்பின் அவை வந்து சேர 10 நாள்கள் ஆகும். காப்பிருப்பு 100 எனில், மறுஆணை நிலையைக் கணக்கிடுக.
2. உங்கள் ஊர்க் கடைக்காரர் ஒருவரிடம், எப்பொருளை எப்போது எவ்வளவு வாங்குவது என்பதை எவ்வாறு முடிவு செய்கிறார் எனக் கேட்டு எழுதுக.
3. ‘மலிவான விலை எப்போதும் குறைந்த செலவாகாது’ – இக்கூற்றைப் பாடத்தின்வழி நிறுவுக.