தூக்குக் கூரைப் படகு: நம்புவதும் நடப்பதும்

"ஃபைபர் ஆயுசுக்கும் கெடாது." படகு வாங்கும் இடத்தில் முதலில் காதில் விழுவது இதுதான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் கட்டுமரங்கள் இருந்த இடத்தைப் பெருமளவு பிடித்தவை ஃபைபர் படகுகள். ஏற்காடு ஏரியில் குடும்பம் குடும்பமாக ஏறி மிதிக்கும் பெடல் படகுகளும் ஃபைபர்தான். கண்ணாடி இழை அழுகாது என்பது உண்மை. ஆனால் ஆள் ஏறி நின்றாலும் வளையக்கூடாத இடங்களில், அதாவது மேல்தளத்திலும் அறையின் கூரையிலும், இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பிளைவுட்டோ பால்சா மரமோ வைத்திருப்பார்கள். கெடுவது அந்த மரம். வெளியே பளபளப்பு அப்படியே இருக்க, உள்ளே சத்தமில்லாமல் கெடும்.

சிறிய பாய்மரப் படகுகளில் இது இன்னும் கூர்மையான பிரச்சினை. அறைக்குள் நிமிர்ந்து நிற்க இடம் இருக்காது என்பதால், கரையில் கட்டியிருக்கும்போது கூரையை மட்டும் மேலே தூக்கி நிறுத்தும் அமைப்பு அமெரிக்காவில் 1970களில் பரவியது. 15,000க்கு மேல் கட்டப்பட்ட கேட்டலினா 22 படகில் பார்க்கலாம்: கூரைத் துண்டு எஃகுக் கால்களில் எழும், சுற்றிலும் கேன்வாஸ் திரை மாட்டிக்கொள்ளலாம். அத்தனை கால்களுக்கும் கீல்களுக்கும் கைப்பிடிகளுக்கும் துளை போட வேண்டும். ஒவ்வொரு துளையும் நடு மரத்துக்குத் தண்ணீர் போக ஒரு வாசல்.

"உப்புத் தண்ணீர்தான் எமன், ஏரித் தண்ணீர் ஒன்றும் செய்யாது" என்று மலையில் உள்ளவர்கள் நம்புவது இயல்பு. இரும்புக்கும் போல்ட்டுக்கும் அது சரி. மரத்துக்கு நேர் எதிர். மரத்தை அழுக வைப்பது பூஞ்சை. உப்பு பூஞ்சையை அடக்கும், மழைநீர் வளர்க்கும். மேலைநாட்டு மரக்கப்பல்களில் சட்டங்களுக்கு இடையே வேண்டுமென்றே உப்பைக் கொட்டி வைத்தது அதனால்தான். ஃபைபரில் எழும் நீர்க்கொப்புளம்கூட உப்புநீரைவிட நன்னீரில்தான் எளிதாக வரும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கும், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் ஒரு படகின் கூரைக்கு, கடலோரத்தைவிடக் கூடுதல் கவனிப்பு வேண்டும்.

"கசிந்தால் சிலிக்கான் வை." இதைச் சொல்லாத கடை இல்லை. இந்த ஒரு யோசனையால் கெட்ட கூரைகள் நிறைய. சிலிக்கான் பட்ட இடத்தில் அதன்பின் ரெசினும் ஒட்டாது, பெயின்ட்டும் ஒட்டாது. மேலே மூடிவிட்டாலும் துளைச் சுவரில் மரம் திறந்தே கிடக்கும். சரியான வேலை வேறு. 6 மி.மீ. போல்ட் போட வேண்டுமா? முதலில் 12 மி.மீ. துளை போடுங்கள். அடியில் டேப் ஒட்டி அடைத்து, மரச்சுவரில் வெறும் எபாக்சியைத் தடவி ஊற விடுங்கள். பிறகு சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்சியால் துளையை முழுக்க நிரப்புங்கள். நன்றாக இறுகிய மறுநாள், அதன் நட்டநடுவில் 6 மி.மீ. துளை. இப்போது போல்ட்டைச் சுற்றி 3 மி.மீ. கனத்துக்கு எபாக்சி வளையம் நிற்கும். மேலே சீல் எப்போதாவது விட்டாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. அடியில் அகலமான வாஷர் வைத்து இறுக்கினால் வேலை முடிந்தது. ஒரு துளைக்கு இரண்டு நாள் ஆகும்தான். கூரையையே மாற்றுவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை.

மரத்தை நடுவில் வைப்பதே தப்பு என்று இதைப் படித்துவிட்டு யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். கோவாவில் கட்டப்பட்ட நம் கடற்படையின் தாரிணியும் நடுவில் மரம் வைத்த ஃபைபர் படகுதான். புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கேரளத்தின் தில்னாவும் 2024 அக்டோபரில் கிளம்பி, 2025 மே மாதம் உலகைச் சுற்றித் திரும்பியது அதில்தான். ஒழுங்காக மூடப்பட்ட மரம் கேப் ஹார்ன் முனையையும் தாங்கும்.

"பிளைவுட்டில் மரைன் என்று போட்டிருந்தால் போதும்" என்பதும் பாதி உண்மையே. மரைன் பிளைவுட்டின் ஐஎஸ் 710 முத்திரை முக்கியமாகப் பசையின் தரத்துக்கான உறுதி. கொதிநீரிலும் அடுக்குகள் பிரியாது. வெட்டிய விளிம்பை ரெசினால் மூடாமல் விட்டால் அதுவும் தண்ணீர் குடிக்கும்.

ரெசின் குளிரில் இறுகவில்லை என்று ஹார்டனரை அள்ளி ஊற்றுவது மலையில் அதிகம் நடக்கும் தவறு. பாலியெஸ்டர் ரெசினுக்கு ஹார்டனர் பொதுவாக 1 முதல் 2 சதவீதம். கூடினால் உறுதி கூடாது, சூடேறி விரிசல்தான் விடும். 15 டிகிரிக்குக் கீழே ரெசின் ஒழுங்காக இறுகாது. ஏற்காட்டின் டிசம்பர், ஜனவரி காலைகள் அந்த வேலைக்கு ஆகாது, பனிமூட்டத்தின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். இன்னொன்று: ஹார்டனரையும் முடுக்கியான கோபால்ட்டையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, தீப்பற்றி வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகே மற்றது.

"இங்கே வெயில் ஏது?" வெயில் சுடாது, ஆனால் புற ஊதாக் கதிர் உயரம் கூடக் கூடக் கூடும். ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 10 சதவீதம். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். ஃபைபரின் மேற்பூச்சான ஜெல்கோட் சுண்ணாம்பாக உதிர்வதும் கேன்வாஸ் நூல் இற்றுப்போவதும் அதனால்தான். அதற்காகத் தார்ப்பாயால் இறுக்கிச் சுற்றிவிடுவதும் கெடுதல். ஈரக் காப்பிக்கொட்டையைத் தார்ப்பாய்க்குள் மூடி வைத்தால் என்ன ஆகும் என்பது மஞ்சக்குட்டைத் தோட்டக்காரர்களுக்குத் தெரியும், படகுக்குள்ளும் அதே பூஞ்சைதான். மூடுங்கள், இரு முனையிலும் காற்றுப் போக வழி விட்டு மூடுங்கள்.

கூரையைத் தூக்குவது சுலபமாகட்டும் என்று பெரிய கேஸ் ஸ்பிரிங் மாட்டுவார்கள். மூடியிருக்கும்போதும் அது தள்ளிக்கொண்டே இருக்கும், நாளடைவில் கூரை வளைந்து சீல் விடும். கூரையின் எடையைத் தராசில் பார்த்துவிட்டு ஸ்பிரிங் வாங்குங்கள். மேலே சோலார் பலகை வைத்தால் அந்த எட்டுப் பத்து கிலோவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். பாய் விரித்து ஓடும்போது கூரை மூடிப் பூட்டியிருக்க வேண்டும் என்பதில் பேச்சுக்கே இடமில்லை. பாயின் கீழ்ச்சட்டம் தலைக்கு மேலே வீசித் திரும்பும் இடம் அது.

படகு வைத்திருப்பவர்களிடம், ஏரியில் வாடகைக்கு விடுபவர்களிடமும், கேட்டுக்கொள்வது ஒன்று. மே மாதக் கோடை விழாக் கூட்டம் வருவதற்கு முன்பே, மார்ச்சில் ஒரு வறண்ட நாளில், ஐந்து ரூபாய் நாணயத்தால் தளத்தையும் கூரையையும் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மொத்தென்று கேட்கும் இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிடுங்கள். அந்த வட்டம் சரியாகும்வரை அந்தப் படகில் யாரையும் ஏற்றாதீர்கள்.