கட்புலனாகா அண்டை விண்மீன்

வைகாசி முன்னிரவில் பள்ளத்தூர் ஊருணிக்கரையில் நின்று தென்வானை நோக்குவார், அடிவானத்திற்குச் சற்று மேலே ஆல்ஃபா செண்டாரி ஒளிர்தலைக் காண்பர். அதற்கு அணித்தே, வெறுங்கண்ணுக்குப் புலப்படாத செங்குறு விண்மீன் ஒன்றுண்டு. பிராக்சிமா என்பது அதன் பெயர். ஞாயிற்றுக்கு அடுத்தபடி நமக்கு மிக அண்மையது இதுவே, தொலைவு 4.2 ஒளியாண்டு. குறியதாயிற்றே, எளியதாகும் என்று எண்ணற்க! இதன் காந்தவிசைக் கோடுகள் முறுக்குண்டு அறுந்து மீண்டும் பிணையுங்கால் பேரொளி வெடித்தெழும். அக்காந்தப்புலத்திற் சிக்கிச் சுழலும் மின்னணுக்கள் வானொலி அலைகளை வீசும். 2019 மே 2ஆம் நாள், மேற்கு ஆஸ்திரேலியாவிலுள்ள வானொலித் தொலைநோக்கி அவ்வலைகளைப் பற்றியது. அவ்வேளையிலேயே ஒளிச்சீற்றமும் பதிவாயிற்று. இவ்விண்மீனை 11 நாளில் சுற்றிவரும் கோளொன்று 2016இல் அறியப்பட்டது. நீர் நீராகவே நிற்கத்தக்க தொலைவு அதற்கு வாய்த்துளது. எனினும், இச்சீற்றங்கள் அதன் காற்றுறையை எஞ்சவிட்டனவா என்பதையே அறிஞர் ஆராய்ந்து வருகின்றனர்.