கம்பளம் மிதக்குமா, மூழ்குமா?

தீபாவளிக்குக் கம்பளம் வாங்கும்போது நிறத்தையும் விலையையும் பார்க்கிறோம். இழை எதுவென்று கேட்பதில்லை. பந்திங் போன்ற ஈரப்பதம் மிகுந்த ஊரில் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான், மாணவர்களே.

கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு நீராவியை உறிஞ்சியும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. குளிர்நாட்டுக்கு அது நல்ல குணம். நைலான் சிறிதளவே உறிஞ்சும், மிதிபட்டாலும் நிமிர்ந்துவிடும். பாலிபுரொப்பிலீன் நீரை உறிஞ்சுவதே இல்லை எனலாம், சீக்கிரம் காயும். ஆனால் எண்ணெய்க் கறை எளிதில் போகாது (குழம்பு சிந்தும் வீட்டார் கவனிக்க!).

விவரச் சீட்டு இல்லையா? ஓரத்திலிருந்து ஓர் இழையை எடுத்து, ஒரு சொட்டு சவர்க்காரம் கலந்த நீரில் அமிழ்த்தி, குமிழ்களை நீக்கிவிட்டு விடுங்கள். சவர்க்காரம் எதற்கு? இல்லாவிட்டால் மூழ்க வேண்டிய இழையையும் பரப்பு இழுவிசை தாங்கிப் பிடித்துவிடும். ஒரு கன சென்டிமீட்டர் நீரின் எடை 1 கிராம், பாலிபுரொப்பிலீன் 0.91 கிராம்தான், மேலே வரும். நைலான் (1.14), கம்பளி (1.31), பாலியெஸ்டர் (1.38) மூழ்கும்.

எந்த இழையிலும் தூசி தங்கும். காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டைத் தாண்டினால் தூசி உண்ணிகள் பெருகும். நம் ஊரில் அது பெரும்பாலும் 80ஐ ஒட்டியே இருக்கும். அவற்றின் எச்சம் ஆஸ்துமாவைத் தூண்டும். வீட்டில் யாருக்காவது இழுப்பு இருந்தால், தரை முழுக்க ஒட்டும் கம்பளம் வேண்டாம். தூக்கி வெயிலில் உலர்த்தக்கூடிய, குட்டை இழை விரிப்பு போதும்.