லேப்டாப் பழசானா தூக்கிப் போடணுமா?



கூட்டமைப்புக் கூட்டத்தில் கணக்காளர் அக்கா ஒரு விஷயத்தை எழுப்பினார். "இந்த லேப்டாப் ஆன் ஆகறதுக்குள்ள நான் டீ குடிச்சிட்டே வந்துடறேன். புதுசு வாங்கலாம்னா ரூ.32,000 சொல்றாங்க. அந்தப் பணத்துல ரெண்டு பேருக்குக் கடன் கொடுக்கலாமே?" என்றார். யாருக்கும் பதில் சொல்லத் தோணலை. நாங்களும் ஒரு மாதம் அவகாசம் கேட்டுக்கொண்டு வந்தோம்.

ஏற்கெனவே ஒரு தடவை சூடு பட்டவர்கள் நாம். டவுனில் ஒரு கடையில் ரூ.500 கொடுத்து விண்டோஸ் போட்டு வாங்கினோம். அது திருட்டு நகல் என்று நமக்குத் தெரியாது. பிறகு யாரோ கொண்டு வந்த பென் டிரைவிலிருந்து வைரஸ் புகுந்து, 11 குழுக்களின் மூன்று மாதக் கணக்கு போயே போச்சு. ஒவ்வொரு உறுப்பினரும் பாஸ்புக்கைக் கொண்டு வந்து கொடுத்ததால்தான் திரும்ப எழுத முடிந்தது. கடைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. நகல் எடுத்து வைக்காதது எங்கள் தவறு.

சரி, இப்ப பாடத்துக்கு வருவோம். லேப்டாப் என்பது வெறும் பெட்டி. அதை வேலை செய்ய வைக்கிற அடிப்படை மென்பொருளுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பெயர், தமிழில் இயங்குதளம். விண்டோஸ் அதில் ஒரு வகை, லினக்ஸ் இன்னொரு வகை.

நம்ம மசாலாப் பொடி யூனிட்டை நினைச்சுப் பாருங்க. கடையில் வாங்குகிற பாக்கெட்டில் எது எவ்வளவு போட்டார்கள் என்று நமக்குச் சொல்ல மாட்டார்கள். மிளகாய் அதிகமா இருந்தாலும் மாற்ற முடியாது. பக்குவத்தை எழுதிக் கையிலே கொடுத்து, "நீங்களும் அரைங்க, வேணும்னா மாத்துங்க, அடுத்தவங்களுக்கும் கொடுங்க" என்று சொன்னால் எப்படி இருக்கும்? லினக்ஸ் அந்த மாதிரி. ஒரு நிபந்தனை உண்டு. அதை மாற்றி வெளியே கொடுப்பவர்கள் மாற்றிய பக்குவத்தையும் மறைக்காமல் கொடுக்க வேண்டும். இப்படிப்பட்டதை ஓப்பன் சோர்ஸ், கட்டற்ற மென்பொருள் என்கிறார்கள். பக்கத்து ஊராட்சிக்கு நாம் நகல் எடுத்துக் கொடுத்தாலும் அது திருட்டு ஆகாது.

1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் லினக்ஸை எழுத ஆரம்பித்தார். பிறகு உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் கை சேர்த்தார்கள். "நமக்கு அதெல்லாம் பழக்கமில்லையே" என்று நினைக்க வேண்டாம். உங்க கையில இருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் ஓடுவதும் லினக்ஸ்தான். 2011-ல் தமிழக அரசு பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில், சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். பிள்ளைகள் விண்டோஸைத்தான் தொட்டார்கள். உண்மையைச் சொன்னால் நாங்களும் அப்படித்தான்.

இப்போது ஏன் அவசரம்? நம் லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் கொஞ்ச காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-ஐப் பழைய லேப்டாப்கள் பல ஏற்பதில்லை. நம்முடையதும் ஏற்கவில்லை.

நாங்கள் லினக்ஸ் மின்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தோம். 2 ஜிபி ரேம் இருந்தாலே ஓடும், 4 ஜிபி இருந்தால் நல்லது. மூன்று வகையாக வருகிறது, பழைய பெட்டிக்கு எக்ஸ்எஃப்சிஇ வகை லேசானது.

இதில் எங்களுக்கு ரொம்பப் பிடித்தது, போட்டுப் பார்க்காமலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான். இணையத்திலிருந்து இறக்கி 8 ஜிபி பென் டிரைவில் ஏற்ற வேண்டும். அந்த பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழியும், காலி டிரைவை எடுங்கள். அதைச் செருகி லேப்டாப்பை ஆன் செய்யும்போது எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் பட்டனை அழுத்த வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி பட்டன் மாறும். உள்ளே இருக்கும் விண்டோஸைத் தொடாமல், பென் டிரைவிலிருந்தே லினக்ஸ் ஓடும். வைஃபை கிடைக்குதா, பிரிண்டர் பேசுதா, தமிழ் டைப் ஆகுதா என்று ஒரு வாரம் பாருங்கள். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

பிடித்த பிறகுதான் நிரந்தரமாகப் போட வேண்டும். அதற்கு முன் எல்லாக் கோப்புகளையும் இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். ஒன்று வேண்டாம், இரண்டு! போடும்போது 'எரேஸ் டிஸ்க்' என்று ஒரு வரி வரும். அதைத் தேர்ந்தெடுத்து முடித்தால் விண்டோஸும் கோப்புகளும் சேர்ந்தே போய்விடும். விண்டோஸையும் வைத்துக்கொள்ள வேண்டுமானால் 'அலாங்சைட்' என்று வரும் வரியைத் தேர்ந்தெடுக்கணும்.

நம் எக்செல் கணக்குகள் லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்தன. சேமிப்பு, கடன், வட்டிக் கூட்டல் எல்லாம் சரியாக இருந்தன. பழைய தமிழ்த் தீர்மானங்கள் மட்டும் கோழி கிறுக்கியது மாதிரி தெரிந்தன. அவை யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துருக் கோப்பையும் கொண்டு வந்து போட்ட பிறகு சரியானது. புதிதாக அடிப்பதற்குத் தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது.

எல்லாம் நடக்கும் என்று சொல்ல மாட்டோம். டேலி இதில் நேரடியாக ஓடாது. கைரேகைக் கருவிகள் சிலவற்றுக்கு விண்டோஸ் வேண்டும். நம் பிரிண்டர் இரண்டு நாள் படுத்தி எடுத்தது, இன்னும் முழுசா ஒத்து வரலை. விண்டோஸ் வைரஸ்கள் பெரும்பாலும் இதில் ஓடாது என்றாலும், போனில் ஓடிபி கேட்டு ஏமாற்றுகிறவனை லினக்ஸ் தடுக்காது.

கணக்காளர் அக்காவுக்கு முதல் வாரம் எரிச்சல்தான். "எல்லா பட்டனும் இடம் மாறிக் கெடக்கு" என்றார். இப்போது ஆன் ஆகும் நேரத்தில் டீ குடிக்க முடியவில்லையாம். பாஸ்வேர்டை ஒரு காகிதத்தில் எழுதி, கவரில் ஒட்டி, தலைவி பீரோவில் வைத்திருக்கிறோம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் சும்மா கிடக்கும் பிள்ளைகளின் மடிக்கணினி இருந்தால் சார்ஜரோடு எடுத்து வாருங்கள். பென் டிரைவ் எங்களிடம் இருக்கிறது. அங்கேயே செருகிப் பார்த்துவிடலாம்.