கடைகளின் குளிர்பதனப் பெட்டிகளில் மின் சிக்கனம்

2024ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டின் வெப்பநிலை 41 டிகிரி செல்சியஸைக் கடந்தது. கேரளத்தின் மின் தேவையும் அதுவரை காணாத உயரத்தை எட்டியது. மே மாதத் தொடக்கத்தில் மாநில மின்வாரியம் பாலக்காட்டுப் பகுதியில் இரவு நேர மின் பயன்பாட்டைக் குறைக்க வழிமுறைகளை அறிவித்தது. இரவு 9 மணிக்குப் பின் வணிக நிலையங்கள் அலங்கார விளக்குகளையும் பெயர்ப்பலகை விளக்குகளையும் அணைத்துவிட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. விளக்கை அணைத்துவிடலாம், பாலும் மீனும் இறைச்சியும் வைத்துள்ள குளிர்பதனப் பெட்டியை அணைக்க இயலாது. கோடையில் மின்சாரம் மிகவும் தட்டுப்படும் வேளையில்தான் அப்பெட்டியும் மிகுதியாக மின்சாரத்தை உட்கொள்கிறது.

இதன் காரணத்தை அறிய, குளிர்பதன இயந்திரம் குளிரை உண்டாக்குவதில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ளவேண்டும். பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே இறைப்பதே அதன் பணி. கிணற்றில் நீர்மட்டம் தாழத் தாழ இறைப்போரின் உழைப்பு பெருகும் என்பது சிற்றூர் வட்டத்து உழவர் அனைவரும் அறிந்ததே. வெப்பத்திற்கும் இது பொருந்தும். உள்ளே குளிர்விக்கும் குழாய் மைனஸ் 10 டிகிரியிலும், வெளியே வெப்பத்தை விடும் குழாய் 50 டிகிரியிலும் இருப்பின், கோட்பாட்டளவில் ஒரு யூனிட் மின்சாரம் 4.4 யூனிட் வெப்பத்தை வெளியேற்றும். வெளிக்குழாய் 30 டிகிரியில் இருப்பின் 6.6 யூனிட்டை வெளியேற்றும். நடைமுறை இயந்திரங்கள் இந்த வரம்பில் ஏறத்தாழ பாதியையே எட்டுகின்றன என்றாலும், ஒப்பீடு பெரிதும் மாறுவதில்லை. எனவே ஒரே பெட்டி கொழிஞ்சாம்பாறையின் கோடை நண்பகலில் செய்யும் செலவு, மூணாற்றின் குளிரில் செய்யும் செலவைப்போல் ஒன்றரை மடங்காகலாம்.

பாலக்காட்டுப் பக்கத்தில், ஆகவே, கவனம் செலுத்த வேண்டியது வெளிக்குழாயின் மீதுதான். அதன் வெப்பநிலையில் ஒரு டிகிரி குறைந்தால் செலவு ஏறத்தாழ 2 சதவீதம் குறையும். தகரக் கூரையின் கீழ், சுவரோடு ஒட்டி, காற்றோட்டமின்றி வைக்கப்பட்ட பெட்டி தான் வெளிவிட்ட வெப்பத்தையே மீண்டும் எதிர்கொள்கிறது. போதாக்குறைக்கு, கணவாய் வழியே வீசும் கிழக்குக் காற்று கொண்டுவரும் புழுதி குழாயின் தகடுகளை அடைத்துவிடுகிறது. மாதம் ஒருமுறை தூரிகையால் துடைப்பதற்குப் பணம் ஏதும் தேவையில்லை. ஆயினும் பெரும்பாலான கடைகளில் இயந்திரம் பழுதாகும்வரை அதன் பின்புறத்தை எவரும் பார்ப்பதில்லை.

இடுக்கியின் மலைப்பகுதியில் சிக்கல் வேறு. அங்கே பகை வெப்பமன்று, ஈரமே. மழைக்காலத்தில் கதவு திறக்கும்போதெல்லாம் நீராவி உள்ளே புகுந்து குழாயின் மீது பனியாகப் படிகிறது. ஒரு கிலோ நீராவி பனியாவதற்கு இயந்திரம் ஏறத்தாழ 0.8 கிலோவாட் மணி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். படிந்த பனியை உருக்க மறுபடியும் மின்சாரம். சூப்பர் மார்க்கெட்டுகளில் காணும் முன்புறம் திறந்த நிலைப்பெட்டிகளில், குளிர்ச் சுமையின் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இவ்வாறு உட்புகும் காற்றினாலேயே உண்டாகிறது. கண்ணாடிக் கதவும், கடை மூடியபின் இழுத்துவிடும் திரையும் இதற்கு எளிய மருந்து. கதவிட்டால் விற்பனை குறையும் என்ற அச்சம் வணிகர்களிடம் உண்டு. அந்த அச்சத்தை மீறி, பிரான்ஸ் நாட்டுப் பெருங்கடைகள் 2012ஆம் ஆண்டிலேயே அரசுடன் உடன்பாடு கண்டு கதவு பொருத்தும் பணியை மேற்கொண்டன.

இத்தனை எளிய வழிகள் இருந்தும் அவை ஏன் கைக்கொள்ளப்படவில்லை? கடைக்காரரின் அறியாமை மட்டும் காரணமன்று. சிறு கடைகளில் உள்ள பெட்டிகளில் பல, ஐஸ்கிரீம், குளிர்பான நிறுவனங்கள் தம் பொருளை விற்பதற்காக அளிப்பவை. பெட்டியை வாங்குபவர் ஒருவர். மின் கட்டணம் செலுத்துபவர் வேறொருவர். வாங்குபவருக்கு விலை மலிவும் கவர்ச்சியான தோற்றமும் போதும். ஒரு பெட்டி நாளொன்றுக்கு 8 யூனிட்டும், சற்று விலை கூடிய மற்றொன்று 5 யூனிட்டும் செலவிடுவதாகக் கொள்வோம். ஆண்டில் 1,095 யூனிட் வேறுபாடு. யூனிட் 10 ரூபாய் எனக் கணக்கிட்டால் ஏறத்தாழ 11,000 ரூபாய். இந்தத் தொகை கடைக்காரரின் சிறு லாபத்திலிருந்து கழிகிறதேயன்றி, பெட்டியைத் தேர்ந்தவரின் கணக்கில் ஏறுவதில்லை.

வீட்டுக் குளிர்பெட்டிகளுக்கு நட்சத்திரக் குறியீட்டுத் திட்டம் 2006இல் தொடங்கியது. பனி படியாத வகைக்கு 2010 முதல் அது கட்டாயமாயிற்று. கடைகளில் பயன்படும் உறைபெட்டிகளுக்கோ 2020இல்தான், அதுவும் தொடக்கத்தில் விருப்ப அடிப்படையில், குறியீடு வந்தது. இந்தக் காலதாமதம் வருந்தத்தக்கது. பெட்டி அளிக்கும் நிறுவனமே அதன் அன்றாட மின் செலவை ஒப்பந்தத்தில் எழுதித் தரவேண்டும் என்றும், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட செலவை அதுவே ஏற்கவேண்டும் என்றும் கடைக்காரர்கள் கூட்டாகக் கோரலாம். தனியொரு சிறு கடைக்காரர் கேட்டால் பெட்டியே பறிபோகக்கூடும். ஆகவே இதில் முன்செல்ல வேண்டியவை சப்ளைகோ, மில்மா போன்ற பொது, கூட்டுறவு அமைப்புகளே. அவை தம் விற்பனை நிலையங்களுக்குப் பெட்டி வாங்கும்போது, ஒப்பந்தப் புள்ளியில் கொள்முதல் விலையோடு பத்தாண்டு மின் கட்டணத்தையும் சேர்த்து மதிப்பிடுவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.