பரணில் கிடக்கும் லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீர்கள்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் எல்லாரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதைப் போட்டுட்டு புதுசு வாங்கிடலாமா?" பெரும்பாலான வீடுகளுக்கு என் பதில், வேண்டாம். நல்ல கீபோர்டும் நல்ல திரையும் உள்ள லேப்டாப்பை ஓ.எஸ். பழசாகிவிட்டது என்பதற்காக எடைக்குப் போடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கடைக்குக் கிளம்பும் முன் கீழே உள்ளவற்றைச் செய்து பாருங்கள். பல வேலைகளுக்குச் செலவே இல்லை.

1. "ஸ்லோவா இருக்கு" என்பதை நோயாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது அறிகுறிதான். எது தாமதப்படுத்துகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். லேப்டாப்பை ஆன் செய்த உடனே பார்க்க வேண்டாம். அந்த நேரத்தில் எல்லா லேப்டாப்பும் திணறும். பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதம் என்றே நின்றால் ஹார்ட் டிஸ்க்தான் காரணம். மெமரி 90-ஐத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. சி.பி.யு. எகிறியிருந்தால் ஏதோ ஒரு மென்பொருள் உட்கார்ந்து தின்கிறது. ஒரே லேப்டாப்பில் இரண்டு ஆன்டிவைரஸ் ஓடுவதை அடிக்கடி பார்க்கிறேன். ஒன்றை நீக்கினாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

2. ஷட் டவுன் செய்துவிட்டு மறுபடி ஆன் செய்வதும் ரீஸ்டார்ட் செய்வதும் ஒன்றல்ல. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி இருக்கிறது. அது இயங்கினால், ஷட் டவுன் செய்யும்போது ஓ.எஸ்.ஸின் உட்பகுதி டிஸ்க்கில் அப்படியே சேமிக்கப்பட்டு, மறுநாள் அதிலிருந்தே எழும். நேற்றைய சிக்கலும் கூடவே எழுந்துவரும். பிரிண்டர் பேசவில்லை, வைஃபை பிடிக்கவில்லை, சத்தம் வரவில்லை என்றால் ரீஸ்டார்ட் கொடுங்கள். அப்போதுதான் எல்லாம் முதலிலிருந்து ஏறும்.

3. எதையும் கழற்றும் முன், எதையும் மாற்றும் முன் பேக்கப். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், படங்கள் இவற்றை எல்லாரும் எடுத்துவிடுவார்கள். மறந்துபோவது டவுன்லோட்ஸ் ஃபோல்டர், டேலி டேட்டா, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள். நகல் எடுத்த கையோடு, அதை வேறொரு லேப்டாப்பில் செருகி இரண்டு மூன்று படங்களைத் திறந்தும் பார்த்துவிடுங்கள். கொஞ்சம் புதிய லேப்டாப் என்றால் இன்னொரு வேலையும் உண்டு. உரிமையாளருக்கே தெரியாமல் அதில் பிட்லாக்கர் பூட்டு போட்டிருக்கலாம். அதன் மீட்புச் சாவி 48 இலக்கம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பயாஸில் கை வைத்த பிறகு அந்தச் சாவியைக் கேட்டால், அது இல்லாமல் உங்கள் ஃபைல்களை யாராலும் திறக்க முடியாது.

4. ஹார்ட் டிஸ்க் நலமாக இருக்கிறதா என்று சொல்ல கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். மஞ்சள் நிறம் காட்டினால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் அன்றே நகல் எடுத்தாக வேண்டும். டிஸ்க்கிலிருந்து டிக், டிக் என்று சீராகச் சத்தம் வந்தால் சோதனை எதுவும் செய்யாமல் ஆஃப் செய்துவிடுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அதன் ஆயுள் குறைகிறது.

5. ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் எஸ்.எஸ்.டி. போடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் தகடு ஒன்று சுழல, ஒரு முள் அங்குமிங்கும் ஓடித் தேடி எடுக்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகமே இல்லை. சின்னச் சின்ன ஃபைல்களை ஆயிரக்கணக்கில் படிப்பதுதான் ஓ.எஸ்.ஸின் அன்றாட வேலை. அதில்தான் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். ஆன் செய்துவிட்டு காபி போடப் போன காலம் மாறி, மூடியைத் திறந்த உடனே வேலையைத் தொடங்கலாம்.

வாங்கும் முன் லேப்டாப் மாடலைக் குறித்துக்கொண்டு, அதில் 2.5 அங்குல சாட்டா வகை பொருந்துமா, எம்.2 வகையா என்று உறுதி செய்யுங்கள். எம்.2-விலும் சாட்டா, என்.வி.எம்.இ. என இரண்டு உண்டு. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்றின் இடத்தில் இன்னொன்று ஓடாமல் போகலாம். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்குகிறீர்கள் என்றால் பழைய டிஸ்க்கையே கையோடு கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள். பில்லோடு, வாரன்டியோடு வாங்குங்கள். 480 ஜிபி என்று வாங்கியது வீட்டில் 447 என்று காட்டினால் கடைக்காரர் ஏமாற்றவில்லை. கம்பெனிகள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிக் கணக்கிடுகின்றன, விண்டோஸ் 1024-ஆல் கணக்கிடுகிறது.

மாட்டும்போது: சார்ஜரை எடுங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள், பிறகு பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே தாளில் குத்தி வையுங்கள். ஸ்க்ரூக்களின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். நீளமானதைக் குட்டையான ஓட்டையில் முறுக்கினால் கை வைக்கும் மேல்பக்கத்தில் புடைத்துக்கொண்டு வரும், சில சமயம் போர்டையே துளைத்துவிடும். எஸ்.எஸ்.டி.யின் கனம் 7 மி.மீ.; பழைய டிஸ்க் 9.5 மி.மீ. எனில் இடைவெளியில் ஆடாமல் இருக்க பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டுங்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அதற்கு ஒரு யு.எஸ்.பி. கேசிங் வாங்கிப் போடுங்கள். பேக்கப் எடுக்க அது போதும்.

6. ரேம் இரண்டாவது செலவு. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்திலேயே எத்தனை ஸ்லாட், எத்தனை காலி என்று இருக்கும். டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 இரண்டும் ஒன்றில் ஒன்று பொருந்தாது. சில மெலிந்த லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்டவே முடியாது. சாய்வாகச் செருகி, இரு பக்கக் கிளிப்பும் 'டக்' என்று பிடிக்கும் வரை அழுத்த வேண்டும். மாட்டிய பிறகு திரை கறுப்பாகவே இருந்தால் பதற வேண்டாம். எடுத்து மறுபடி செருகினால் பெரும்பாலும் வந்துவிடும். 32-பிட் விண்டோஸ் வைத்துக்கொண்டு 8 ஜிபி போடுவது வீண். அது 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது.

7. எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் "பாதுகாப்பான இணைப்பு இல்லை" என்று வந்தால் முதலில் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். தேதி தப்பாக இருந்தால் வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதாகவோ இன்னும் தொடங்காததாகவோ பிரவுசருக்குத் தோன்றும். தேதியைச் சரிசெய்த பிறகும், பவர் போனால் மறுபடி பின்னோக்கிப் போகிறதா? மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. டெஸ்க்டாப்பில் அது சி.ஆர்.2032, வாட்ச் கடையிலேயே கிடைக்கும். லேப்டாப்பில் அதற்கே வயரும் இணைப்பும் வைத்திருப்பார்கள், மாடல் சொல்லி வாங்க வேண்டும்.

8. இனி ஓ.எஸ். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 சிப் வேண்டும்; இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்ளும். அந்தக் கோட்டைத் தாண்டிய லேப்டாப் என்றால் அப்டேட் செய்துவிடுங்கள், யோசிக்க ஒன்றுமில்லை. தாண்டாத லேப்டாப்களுக்கு மைக்ரோசாஃப்ட் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீட்டித்துத் தருகிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் பணம் கட்டாமலே பெறலாம். நிபந்தனையை ஏமாற்றி விண்டோஸ் 11-ஐ ஏற்றும் குறுக்குவழிகளும் இருக்கின்றன. அப்படி ஏற்றியதற்கு அப்டேட் வரும் என்ற உத்தரவாதம் இல்லாததால், பேங்க் வேலை செய்யும் லேப்டாப்பில் அதை நான் செய்ய மாட்டேன்.

பிரவுசர், யூடியூப், மெயில், கடிதம் டைப் அடிப்பது, பிள்ளைகளின் பாடம் என்று இவ்வளவுதான் வேலை என்றால் லினக்ஸ் மின்ட் ஏற்றுங்கள். இலவசம். கீழே மெனு, பட்டை, கடிகாரம் என விண்டோஸ் பழகிய கண்ணுக்கு அந்நியமாக இருக்காது. குறைந்தது 2 ஜிபி ரேம் கேட்கிறது, 4 இருந்தால் நிம்மதி, எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற பதிப்பை எடுத்தால் இன்னும் இலேசு. வேர்ட், எக்செல் ஃபைல்களை லிப்ரே ஆபீஸ் திறக்கும். லினக்ஸ் நம் வீடுகளுக்குப் புதிதும் அல்ல. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதை உருவாக்கியது சென்னை சி-டாக். அந்த லேப்டாப்கள் இன்னும் எத்தனையோ வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. அவற்றுக்கு எஸ்.எஸ்.டி.யும் மின்ட்டும் போட்டால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தாராளமாகப் போதும்.

டேலி, ஃபோட்டோஷாப், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் என்று பிழைப்பே விண்டோஸில் இருப்பவர்கள் மாற வேண்டாம். மாறிவிட்டு நாள்தோறும் மல்லுக்கட்டுவதில் லாபமில்லை.

9. மின்ட்டை ஏற்றும் முன்பே ஓட்டிப் பார்க்கலாம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் எழுதுங்கள் (பென் டிரைவில் இருப்பது அழிந்துவிடும்). லேப்டாப்பை ஆன் செய்ததும் பூட் மெனு விசையைத் தட்டுங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்.பி.யில் எஃப்9. பென் டிரைவிலிருந்தே முழு ஓ.எஸ்.ஸும் எழும், டிஸ்க்கைத் தொடாது. அப்போது வைஃபை, ஒலி, கேமரா, திரை வெளிச்சம், மூடித் திறந்தால் எழுகிறதா என்பது, வீட்டு பிரிண்டர் எல்லாவற்றையும் சோதியுங்கள். சில லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் படுத்தும். அது இப்போதே தெரிந்தால் நல்லது.

10. தமிழில் டைப் அடிக்கத் தனி மென்பொருள் தேட வேண்டாம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 11-லும் லினக்ஸிலும் உள்ளேயே இருக்கிறது. மொழி அமைப்பில் சேர்த்தால் போதும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல்கள் புது ஓ.எஸ்.ஸில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். ஃபைல் கெடவில்லை. யுனிகோடுக்கு மாற்றி வைத்துவிடுங்கள், அடுத்த தலைமுறையும் திறக்கலாம்.

11. சார்ஜர் மாற்றும்போது வோல்ட் அதே அளவாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ அதிகமாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. பின் பொருந்துகிறது என்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

12. லேப்டாப்பைச் சமமான மேசையில் வையுங்கள். ஆடுகிறதா? டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு அழுத்தவே வரவில்லையா? உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. உடனே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அழுத்துவது, குத்துவது, அமுக்கி மூடியை மாட்டுவது எதுவும் கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். இந்த ஒன்றை மட்டும் நீங்களே செய்யாமல் கடையில் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். பேட்டரி இல்லாமலேயே சார்ஜரில் ஓடும் லேப்டாப்கள் நிறைய உண்டு.

13. மெத்தை மேல் வைத்து ஓட்டாதீர்கள், அடியில் காற்று வழி அடைபடும். ப்ளோயரால் தூசு ஊதும்போது ஃபேன் இறக்கையைக் குச்சியால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். கட்டுப்பாடில்லாமல் சுழன்றால் தேய்ந்து போகும்.

14. பென் டிரைவில் நிறைய இடம் இருந்தும் பெரிய வீடியோ ஏறவில்லை என்றால் அது எஃப்.ஏ.டி.32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்-ஃபேட் முறைக்கு மாற்றுங்கள். ஆனால் பழைய டி.வி. சிலவற்றுக்கு எக்ஸ்-ஃபேட் படிக்கத் தெரியாது, மாற்றும் முன் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

15. வீட்டில் அப்பா, அம்மாவுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்: திரை முழுக்கச் சிவப்பாகி "வைரஸ், இந்த நம்பருக்கு அழையுங்கள்" என்று வந்தால் அது வெறும் விளம்பரப் பக்கம். ஆல்ட், எஃப்4 அழுத்தி மூடலாம். அடங்கவில்லை என்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஆஃப் செய்யலாம். அழைத்துவிட்டார்கள், பணமும் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் பேசச் சொல்லுங்கள். திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து மறைக்கும் நேரத்தில்தான் பணம் கை மாறிப் போகிறது.

16. இத்தனைக்கும் பிறகு யாருக்காவது கொடுப்பது என்று முடிவெடுத்தால், ஃபைல்களை டெலீட் செய்வது போதாது, க்விக் ஃபார்மேட்டும் போதாது. விண்டோஸில் ரீசெட் செய்யும்போது கிளீன் டேட்டா என்ற தேர்வை ஆன் செய்யுங்கள். வெளியில் எடுத்த ஹார்ட் டிஸ்க் என்றால் க்விக் டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுங்கள்; மணிக்கணக்கில் ஓடும், ஓடட்டும். முற்றிலும் செத்துப்போனதை மட்டும் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். பேட்டரியைத் தனியே எடுத்து, இணைப்பு முனைகளில் டேப் ஒட்டிக் கொடுங்கள். குப்பை லாரியில் நசுங்கி எரிவது பெரும்பாலும் அதுதான்.