மணல் எங்கே போனது? – கடற்கரைப் பாடத்திற்கு ஒரு தட்டுச் செயல்பாடு

ஒன்பதாம் வகுப்பில் கடல் அலைகளின் செயல்களை நடத்தும்போது அரித்தல், கடத்துதல், படியவைத்தல் என்று கரும்பலகையில் எழுதி, கடல் ஓங்கல், மணல் திட்டு, உப்பங்கழி ஆகியவற்றை வரைந்து பாடத்தை முடித்துவிடுவேன். சில ஆண்டுகளுக்கு முன், வடசென்னை மீனவர் குப்பத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், எங்க பாட்டி வீடு இருந்த இடம் இப்ப கடலுக்குள்ள இருக்கு. மெரினாவை மட்டும் ஏன் கடல் அரிக்கல?" என்று கேட்டாள். "இயற்கைச் சீற்றம்மா" என்று சொல்லிச் சமாளித்தேன். அந்த விடை எனக்கே நிறைவாக இல்லை. அவள் கேள்விக்கு விடை தேடி உருவாக்கியதே இச்செயல்பாடு.

தேவையான பொருள்கள்: நீளமான பிளாஸ்டிக் தட்டு, ஈர மணல், தண்ணீர், ஸ்கேல், சிறு கற்கள், வண்ணக் கோலப்பொடி.

செய்முறை

1. தட்டின் ஒரு நீளப் பக்கத்தில் மணலைச் சரிவாக அமைத்து, மறுபக்கத்தில் தண்ணீர் ஊற்றுக. கடலைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் தெற்கு, இடப்பக்கம் வடக்கு எனக் குறிக்க.

2. நீர் விளிம்பில் தெற்கு ஓரமாகக் கோலப்பொடி சிறிது தூவுக. தென்கிழக்கு மூலையிலிருந்து ஸ்கேலால் மெதுவாக அலை எழுப்புக. அலை சாய்வாக ஏறி, சரிவில் நேராக இறங்கும். அதனால் பொடி கரையோரமாகவே வடக்கு நோக்கி நகரும்.

3. இப்போது கரையின் நடுவில், கடலுக்குள் நீளுமாறு கற்களை அடுக்கி, மீண்டும் அலை எழுப்புக. சற்று நேரத்தில் கல்வரிசைக்குத் தெற்கே மணல் சேரும்; வடக்கே கரை உள்வாங்கும்.

கலந்துரையாடல்

கல்வரிசையைக் காட்டி, "இது சென்னைத் துறைமுகம்" என்று சொன்னால் போதும். மீதியை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

சென்னையில் இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நிற்க, மசூலாப் படகுகளே ஆட்களையும் சரக்குகளையும் கரை சேர்த்தன. 1870-களில் அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டத் தொடங்கினர். 1881-ஆம் ஆண்டுப் புயலில் அவை பெரும் சேதமடைந்தும் பணி தொடர்ந்தது. நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் வடக்கே செல்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கே திரும்புகிறது. ஆண்டுக் கணக்கில் வடக்கே செல்வதே அதிகம். அந்த மணலைச் சுவர் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் நோக்கிய கரை அரிக்கப்பட்டது. அலை அங்கிருந்த மணலை வழக்கம்போல் எடுத்துச் சென்றது. ஈடு செய்ய வேண்டிய மணல் வந்து சேரவில்லை.

அடுத்து, அரிப்பைத் தடுக்க வடக்கே இன்னொரு கல்வரிசை வைக்கச் சொல்லுங்கள். தூண்டில் வளைவின் வேலை இதுவே. அந்த இடத்தில் மணல் தங்கும். அரிப்பு அதற்கும் வடக்கே நகரும். புதுச்சேரியில் நடந்ததும் இதுதான். அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின் நகரக் கடற்கரை மணலை இழந்தது. கல் கொட்டிக் காத்தார்கள். அரிப்பு வடக்கேயுள்ள விழுப்புரம் மாவட்ட மீனவர் ஊர்களுக்குச் சென்றது.

"அப்படின்னா துறைமுகமே வேண்டாமா?" என்று ஒரு மாணவன் கட்டாயம் கேட்பான். ஆம், இல்லை என்று நாம் முந்திக்கொள்ள வேண்டாம். துறைமுகத்தால் பயன் பெறுவோர் யார், கரையை இழப்போர் யார், தேங்கிய மணலை எடுத்து வடக்கே கொட்டினால் என்ன ஆகும் என்று குழுக்களாகப் பேசட்டும். மூன்றாவதைத் தட்டிலேயே செய்தும் பார்க்கலாம்.

மதிப்பீடு

1. அலைகள் கரைக்கு நேராகவே மோதினால் மணல் எப்படி நகரும்?
2. ஆற்றில் அணை கட்டினால் கடற்கரைக்கு வரும் மணல் என்னவாகும்?
3. உங்கள் பகுதிப் பெரியவர் ஒருவரிடம், அவர் சிறுவயதில் கடல் எங்கே இருந்தது என்று கேட்டு எழுதுக.

மூன்றாவது வினாவைத் தவிர்க்காதீர்கள். அன்று கேள்வி கேட்ட மாணவி இன்று என் வகுப்பில் இல்லை. ஆனால் அவள் பாட்டியைப் போன்றவர்களின் நினைவிலுள்ள கரைக்கோடு நம் பாடநூல் வரைபடத்தில் இல்லை. அதைக் கொண்டுவர நம் பிள்ளைகளால் மட்டுமே முடியும்.